ஜனவரி ஜேஇஇ-யை விட்டுவிடலாமா? ப்ளஸ் டூ வருஷத்தில் எந்தத் தேர்வை எப்போது எழுதுவது

15 ஜூன் 2025 | கேள்வி: மாணவியின் அம்மா

மகள் ப்ளஸ் டூ. மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழி, கணிதம்–உயிரியல் குரூப். மருத்துவமா பொறியியலா என்று இன்னும் முடிவாகவில்லை. ஜனவரியில் பள்ளியில் திருப்புதல் தேர்வு வரும் என்பதால், ஜனவரி ஜேஇஇ மெயினை (என்ஐடி போன்ற கல்லூரிகளுக்கான பொறியியல் நுழைவுத் தேர்வு, வருஷத்துக்கு இரண்டு முறை நடப்பது) விட்டுவிட்டு ஏப்ரலில் மட்டும் எழுதினால் போதும் என்று நினைக்கிறேன். கூடவே நீட், க்யூட் (மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வு), இன்னும் ஆளாளுக்குச் சொல்கிற தேர்வுகள் எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்து வைத்துவிடலாமா? தமிழில் எழுதினால் பாதிப்பு உண்டா?

15 ஜூன் 2025 | கணக்கு வாத்தியார்

ஜனவரியை விடாதீங்க அம்மா. இரண்டு முறை எழுதினால் இரண்டில் எது அதிகமோ அதைத்தான் ரேங்குக்கு எடுப்பார்கள். குறைவானது எங்கேயும் கணக்கில் வராது. ஜனவரியில் சரியாக எழுதாவிட்டாலும் இழப்பு என்று ஒன்றும் இல்லை. எழுதாமல் விட்டால் ஏப்ரலில் ஒரு காய்ச்சல் வந்தாலும் அந்த வருஷம் போச்சு.

இந்த வருஷத்துத் தேதிகளைப் பாருங்கள். ஜேஇஇ மெயின் முதல் அமர்வு ஜனவரி 22-ல் தொடங்கியது. மாநிலப் பாடத்திட்ட ப்ளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை. ஜேஇஇ இரண்டாம் அமர்வு ஏப்ரல் 2-ல் தொடங்கிவிட்டது. நடுவில் முழுசாக 7 நாள். பொதுத்தேர்வுக்கு விரிவாக எழுதிப் பழகிய கை, ஒரு வாரத்துக்குள் மூன்று மணி நேரத்தில் 75 கேள்விக்கு மாற வேண்டும். ஜனவரியில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு அந்த 7 நாள் போதும். முதல்முறை உட்காருகிற பிள்ளைக்குப் போதாது.

15 ஜூன் 2025 | முன்னாள் மாணவர், பொறியியல் மூன்றாம் ஆண்டு

இரண்டு அமர்வுக்கும் சராசரி எடுப்பார்கள் என்று எங்கள் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அது சரியில்லை, வாத்தியார் சொல்வதே சரி. எல்லாத் தேர்வுக்கும் விண்ணப்பிப்பது பற்றி ஒரு வார்த்தை: அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள், அதன் இணைப்புக் கல்லூரிகள் எதற்கும் நுழைவுத் தேர்வே இல்லை. 2007 சேர்க்கையிலிருந்து ப்ளஸ் டூ மதிப்பெண்தான். அந்தக் கட்-ஆஃபை விட்டுவிட்டு ஆறு தேர்வுக்கு ஓடுவது வீண்.

16 ஜூன் 2025 | கணக்கு வாத்தியார்

கட்-ஆஃப் பேச்சு வந்ததால் அதை முடித்துவிடுகிறேன். கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, மொத்தம் 200. கணிதத்தில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் ஒன்று போகும். இயற்பியலில் ஒரு மார்க் போனால் அரை. ஒரே கட்-ஆஃபில் பலர் நின்றால் முதலில் பார்ப்பதும் கணித மார்க்கைத்தான். ஆகவே பிப்ரவரி முழுவதும் பொதுத்தேர்வுக்கே. அந்த மாதத்தில் செய்முறைத் தேர்வு வேறு வந்துவிடும். ஜேஇஇ புத்தகத்தை மூடி வைப்பதில் தப்பே இல்லை.

என்ஐடி, ஐஐஐடி நினைப்பு இருந்தாலும் ப்ளஸ் டூ மார்க் முக்கியம். அந்த இடங்களை ஒதுக்குகிற ஜோசா கவுன்சலிங்கில் 75 சதவீதம் கேட்பார்கள், அல்லது அந்தந்த போர்டில் முதல் 20 பர்சென்டைலுக்குள் (மதிப்பெண்ணில் மேலே உள்ள 20 சதவீதத்தினருக்குள்) இருக்க வேண்டும். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 65. இதை 600-க்குக் கணக்குப் போடாதீர்கள். இயற்பியல், வேதியியல், கணிதம், ஒரு மொழி, மீதியில் அதிக மார்க் உள்ள ஒரு பாடம் என ஐந்து பாடம்தான். 500-க்கு 375.

18 ஜூன் 2025 | உயிரியல் டீச்சர்

மருத்துவமா பொறியியலா என்பதை அக்டோபருக்குள் முடிவு செய்யப் பாருங்கள். இரண்டையும் எழுதலாம், சட்டம் தடுக்கவில்லை. நாட்கள்தான் தடுக்கும்.

இந்த வருஷம் நீட் மே 4, ஞாயிறு. நீட் மட்டும் எழுதிய பிள்ளைக்கு பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் முதல் 39 நாள் கிடைத்தது. ஏப்ரல் 8 வரை ஓடிய ஜேஇஇ-யும் எழுதியவருக்கு அதன் பிறகு 25 நாள். ஜேஇஇ-க்குப் போன இரண்டு வாரமும் வீண் என்று சொல்லவில்லை, இயற்பியலும் வேதியியலும் பொதுதான். ஆனால் உயிரியல் அப்படியே நிற்கும். நீட்டில் 180 கேள்வியில் 90 உயிரியல். 720-ல் 360 மார்க் அங்கே இருக்கிறது. இரண்டு வாரம் தொடாமல் விட்டால் தாவர உலகம், விலங்குலகம் மாதிரி மனப்பாடப் பகுதிகள்தான் முதலில் மறக்கும்.

மருத்துவம்தான் முதல் விருப்பம் என்றால் ஜேஇஇ-யை ஜனவரியில் மட்டும் எழுதட்டும். பொறியியல்தான் என்றால் நீட் வேண்டாம். "எதற்கும் எழுதி வைப்போம்" என்று எழுதுகிற நீட்டில் சீட் வராது. தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு இருக்கிற போட்டி அப்படி.

18 ஜூன் 2025 | மாணவியின் அம்மா

6-ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு பொருந்துமா?

18 ஜூன் 2025 | உயிரியல் டீச்சர்

பொருந்தும். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா, நான் எழுதியதன் கணக்கே மாறுகிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் மருத்துவத்தில் 2020-லிருந்தும், பொறியியல், வேளாண்மை, கால்நடை போன்ற படிப்புகளில் 2021-லிருந்தும் உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்தில் இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கிற நீட் மதிப்பெண், பொதுவான கட்-ஆஃபைவிட நன்றாகவே குறைவாக இருக்கும். "சும்மா எழுதுகிற நீட்" என்று நான் சொன்னது உங்கள் மகளுக்குப் பொருந்தாது. அவள் நீட்டை முழு மனதோடு எழுத வேண்டும்.

ஒன்று மட்டும். இந்த ஒதுக்கீடு மாநில அரசின் இடங்களுக்கு. 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டிலோ, 2020-லிருந்து நீட் வழியே சேர்க்கிற ஜிப்மர் மருத்துவக் கல்லூரியிலோ இதைக் கேட்க முடியாது. படித்த பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களிடமிருந்து வகுப்புவாரியாகப் படிப்புச் சான்று வாங்க வேண்டியிருக்கும். நடுநிலைப் பள்ளி ஒன்று, மேல்நிலைப் பள்ளி ஒன்று என்றால் இரண்டு இடத்திலும். ஜூனில் கூட்டத்தில் நின்று வாங்குவதை இப்போதே விசாரித்து வையுங்கள்.

21 ஜூன் 2025 | இ-சேவை மையம் நடத்துபவர்

சான்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன். படிப்பில் தவறுகிறவர்களைவிட விண்ணப்பத்தில் தவறுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

பெயர். பத்தாம் வகுப்புச் சான்றில் பெயரும் இனிஷியலும் இருக்கும். ஆதாரில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் இனிஷியலே இருக்காது, சிலதில் முன்னாடி இருக்கும். என்டிஏ (இந்தத் தேர்வுகளை நடத்தும் தேசியத் தேர்வு முகமை) விண்ணப்பத்தில் ஆதார் எண் கொடுத்ததும் பெயர் ஒத்துப்போகவில்லை என்று காட்டும். பத்தாம் வகுப்புப் பெயரைக் கொடுத்து மேலே போக வழி இருக்கிறது. ஆனாலும் கவுன்சலிங், கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை என்று ஒவ்வொரு படியிலும் அது திரும்பத் திரும்பக் கேள்வியாக வரும். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளது உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, ஆதாரை இந்த ஜூன், ஜூலையிலேயே திருத்துங்கள். பிறந்த தேதியும் அப்படியே.

மின்னஞ்சல், மொபைல் எண். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் மெயிலைப் போட்டுவிடுவார். நான்கு மாதம் கழித்து கடவுச்சொல் மறந்து, ஓடிபி அவர் எண்ணுக்குப் போகும். அவர் கடையை மூடியிருப்பார். அம்மாவின் எண், வீட்டுக்கென்று ஒரு மெயில். ரீசார்ஜ் விட்டுப்போகாத எண்ணாக இருக்கட்டும்.

போட்டோ. வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிய வேண்டும், கண்ணாடியில் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. நீட்டுக்கு பாஸ்போர்ட் அளவு தவிர 4×6 அங்குல போஸ்ட்கார்டு அளவும் வேண்டும். தேர்வன்றும் ஒட்டிக் கொண்டுபோகச் சொல்வார்கள், அதனால் ஒரே நாளில் எடுத்த படத்தில் இரண்டு அளவிலும் கூடுதலாகப் பிரிண்ட் போட்டு வையுங்கள்.

22 ஜூன் 2025 | இ-சேவை மையம் நடத்துபவர்

நேற்று விட்டுப்போனது, மிக முக்கியமானது. நம்மிடம் உள்ள பிசி, எம்பிசி சாதிச் சான்று மாநிலக் கவுன்சலிங்குக்கு மட்டும்தான். ஜேஇஇ, நீட் அகில இந்திய ஒதுக்கீடு, மத்தியப் பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் மத்திய அரசின் ஓபிசி நான்-கிரீமி லேயர் சான்று (இதர பிற்பட்ட வகுப்பில் வசதி வரம்புக்குள் இருப்பவர் என்பதற்கு) தனியாக வேண்டும். அது ஜோசா கவுன்சலிங்குக்கு அந்த வருஷம் ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருஷச் சான்று செல்லாது. ஏப்ரல் முதல் வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். மே கடைசியில் எல்லோரும் வருவார்கள், வட்டாட்சியர் அலுவலகத்தில் தேங்கும்.

வருமான வரம்பு 8 லட்சம். பலர் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்து "நமக்குக் கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். அந்த 8 லட்சத்தில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அரசுப் பணியில் இருக்கிற பெற்றோருக்குப் பதவி நிலையை வைத்து வேறு விதி. நேரடியாக குரூப் ஏ பதவியில் சேர்ந்த அதிகாரி என்றால் கிடைக்காது. இன்னொன்று, மாநிலத்தின் பிசி பட்டியலில் இருக்கிற எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை. விண்ணப்பத்தில் ஓபிசி என்று டிக் அடிக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

29 ஜூன் 2025 | முன்னாள் மாணவர், பொறியியல் மூன்றாம் ஆண்டு

ஜேஇஇ அட்வான்ஸ்டுக்கு (ஐஐடிக்கான அடுத்த கட்டத் தேர்வு) மெயினில் முதல் 2,50,000 பேரை எடுக்கிறார்கள். இந்த வருஷம் எழுதியவர்கள் 14.75 லட்சம். அப்படியானால் 83 பர்சென்டைல் எடுத்தால் போதுமே? ஆனால் பொதுப் பிரிவுக்கு 93.1 என்று போட்டிருக்கிறார்கள். இது எப்படி?

29 ஜூன் 2025 | கணக்கு வாத்தியார்

நல்ல கேள்வி தம்பி. அந்த 2.5 லட்சம் ஒரே வரிசை இல்லை, பிரிவுவாரியாகப் பிரித்தது. இடபிள்யூஎஸ் (பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினர்) 10, ஓபிசி 27, எஸ்சி 15, எஸ்டி 7.5 சதவீதம் போக, திறந்த போட்டிக்கு 40.5 சதவீதம். 2,50,000-ல் 40.5 சதவீதம் 1,01,250 பேர். எழுதிய 14.75 லட்சத்தில் அது மேலிருந்து சுமார் 6.9 சதவீதம். 100-லிருந்து 6.9 கழித்தால் 93.1. அப்படியே ஒத்துப்போகிறது.

இதே முறையில் ரேங்கையும் தோராயமாகக் கணக்கிடலாம். பர்சென்டைலை 100-லிருந்து கழித்து, எழுதியவர்கள் எண்ணிக்கையால் பெருக்கி, 100-ஆல் வகுக்க வேண்டும். 99 என்றால் சுமார் 14,750. 98 என்றால் 29,500. 97-க்கும் 98-க்கும் நடுவில் கிட்டத்தட்ட 15 ஆயிரம் பேர் நிற்கிறார்கள். பிள்ளைகள் "ஒரு பர்சென்டைல்தானே" என்று சொல்லும்போது இதைக் காட்டுங்கள்.

பர்சென்டைல் என்பது அந்த ஷிஃப்டில் (ஒரு நாளின் காலை அல்லது மாலை வேளையில்) எழுதியவர்களில் உங்கள் மார்க்கோ அதற்குக் கீழோ எடுத்தவர்கள் எத்தனை சதவீதம் என்பது. கடினமான ஷிஃப்டில் 150 எடுத்தவருக்கு, எளிதான ஷிஃப்டில் 180 எடுத்தவரைவிட அதிகம் வரலாம். அதனால் "எனக்கு வந்த பேப்பர் கஷ்டம்" என்று அழ வேண்டாம். அந்த ஷிஃப்டில் உட்கார்ந்த எல்லோருக்கும் அதே பேப்பர்தான்.

6 ஜூலை 2025 | உயிரியல் டீச்சர்

தமிழில் எழுதுவது பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நீட், ஜேஇஇ மெயின், க்யூட் மூன்றும் தமிழில் உண்டு. ஜேஇஇ அட்வான்ஸ்டு ஆங்கிலம், இந்தியில் மட்டும். மொழியை விண்ணப்பிக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்வறையில் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். நீட்டில் தமிழ் கேட்டால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த வினாத்தாள் வரும். அதற்குத் தேர்வு மையமும் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமானுக்குள் இருக்க வேண்டும். பக்கத்து மாநில எல்லையில் இருப்பவர்கள் இதைக் கவனிக்காமல் ஊரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவம்தான் இறுதி. இது வெறும் எச்சரிக்கை வரி இல்லை. 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே தமிழில் எழுதுகிற பிள்ளைக்கு ஆங்கிலச் சொல்லும் தெரிந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு பாடமும் முடிந்ததும், நம் தமிழ்ப் பாடநூலையும் அதே பாடத்தின் ஆங்கில வழிப் பாடநூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கலைச்சொற்களை இரண்டு பத்தியாக நோட்டில் எழுதட்டும். நுண்குழல், சவ்வூடு பரவல், ஒளிச்சேர்க்கை என்று ஒரு பாடத்துக்கு முப்பது, நாற்பது சொல்தான் வரும். பிறகு பழைய நீட் தமிழ் வினாத்தாள்களைப் பார்த்தால் அங்கே எந்தச் சொல் போட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். சில இடத்தில் நம் பாடநூல் சொல்லும் வினாத்தாள் சொல்லும் வேறு வேறாக இருக்கும். அதை மூன்றாவது பத்தியில் எழுதட்டும். பயிற்சி மையங்கள் சொல்லித் தராத வேலை இது. தமிழ் வழிப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஐஐடி எண்ணம் இருந்தால் ஜேஇஇ மெயினையே ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும். அட்வான்ஸ்டில் திடீரென்று மொழி மாறினால் கேள்வியைப் புரிந்துகொள்வதிலேயே நேரம் போய்விடும்.

6 ஜூலை 2025 | மாணவியின் அம்மா

நன்றி டீச்சர். இன்றைக்கே ஆங்கில வழிப் பாடநூலைப் பதிவிறக்கிவிட்டோம். பக்கத்து வீட்டில் ப்ளஸ் டூ-வை வெளி மாநிலத்தில் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். நாங்களும் அனுப்பியிருக்க வேண்டுமோ?

7 ஜூலை 2025 | முன்னாள் மாணவர், பொறியியல் மூன்றாம் ஆண்டு

வேண்டாம் அம்மா. என்ஐடிகளில் பாதி இடம் சொந்த மாநிலத்துக்கு. சொந்த மாநிலம் என்பது பிறந்த ஊரோ ஆதார் முகவரியோ இல்லை, ப்ளஸ் டூ எந்த மாநிலத்தில் முடித்தாரோ அது. தமிழ்நாட்டுப் பிள்ளை ப்ளஸ் டூ-வை வெளி மாநிலப் பள்ளியில் எழுதினால் திருச்சி என்ஐடியில் வெளி மாநிலத்தவராகத்தான் போட்டி போட வேண்டும். உங்கள் மகளுக்கு அதோடு 7.5-ம் போயிருக்கும்.

13 ஜூலை 2025 | கணக்கு வாத்தியார்

தேர்வறை விஷயம். ஜேஇஇ மெயினில் இந்த வருஷம் முதல் விருப்பக் கேள்வி கிடையாது. பாடத்துக்கு 25, அதில் 20 நான்கு விடையில் ஒன்று, 5 எண் விடை. சரிக்கு 4, தப்புக்கு 1 கழியும், எண் விடைக்கும் கழியும்.

எத்தனை கேள்வி தொடுவது என்று கேட்கிறார்கள். 48 தொட்டு 36 சரி, 12 தப்பு என்றால் 144-12, அதாவது 132. 70 தொட்டு 40 சரி, 30 தப்பு என்றால் 160-30, அதாவது 130. இரண்டாவது பிள்ளை நான்கு கேள்வி கூடுதலாகச் சரியாகப் போட்டும் கீழே நிற்கிறது. மூளைக் களைப்பு தனி.

இருந்தாலும் ஊகமே கூடாது என்பது தப்பு. நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியாகக் கால் மார்க் கூடத்தான் வரும் (4-ல் கால் பங்கு 1, கழிவு முக்கால்). இரண்டை நீக்கிவிட முடிந்தால் சராசரி ஒன்றரை மார்க். அங்கே துணிந்து தொட வேண்டும். எண் விடையில் ஊகிக்கவே கூடாது, அங்கே கிடைப்பது கழிவு மட்டும்தான். பிட்சாட்டில் (பிட்ஸ் பிலானி கல்லூரிகளின் நுழைவுத் தேர்வு) சரிக்கு 3, தப்புக்கு 1, குருட்டு ஊகத்தின் சராசரி பூஜ்யம். க்யூட்டில் சரிக்கு 5, தப்புக்கு 1, சராசரி அரை மார்க் வரவு. ஒவ்வொரு தேர்வுக்கும் ஊகிக்கிற அளவு வேறு என்பதை அந்தந்த மாக் டெஸ்டிலேயே பழக வேண்டும்.

திரையில் நடக்கிற தவறுகள்: விடையைத் தொட்டுவிட்டு "சேமித்து அடுத்தது" அழுத்தாமல் வேறு கேள்விக்குத் தாவினால் அந்த விடை பதிவாகாது. மறுபார்வைக்குக் குறித்ததில் ஊதா வட்டத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் விடை கணக்கில் உண்டு. வெறும் ஊதா என்றால் விடை இல்லை என்று பொருள். கீபோர்டைத் தொட்டால் திரை பூட்டிக்கொள்ளும், கண்காணிப்பாளரை அழைக்க வேண்டியிருக்கும். எண்களும் மவுஸால்தான். வீட்டில் லேப்டாப் டச்பேடில் மட்டும் பழகிய பிள்ளைக்கு மவுஸே தொந்தரவு. ஒரு மவுஸ் வாங்கிக் கொடுத்து என்டிஏ தளத்தில் இருக்கிற இலவச மாக் டெஸ்டை எழுத வையுங்கள், காலை 9 முதல் 12, மாலை 3 முதல் 6, இரண்டு நேரத்திலும். மாலை ஷிஃப்ட் கிடைத்தால் மதியச் சாப்பாட்டுத் தூக்கத்தோடு கணக்குப் போட வேண்டும்.

14 ஜூலை 2025 | உயிரியல் டீச்சர்

நீட் இன்னும் பேனாவும், வட்டம் கறுக்கிற ஓஎம்ஆர் விடைத்தாளும்தான். வட்டத்தை ஒருமுறை கறுத்தால் திருத்த முடியாது. போன வருஷம் வரை 200 நிமிஷம், இந்த வருஷம் 180 கேள்விக்கு 180 நிமிஷம். அந்த 20 நிமிஷம் போனது பெரிய விஷயம்.

ஒரு வட்டத்துக்கு 5, 6 விநாடி என்றாலும் 180-க்கு 15 முதல் 18 நிமிஷம். கடைசியில் மொத்தமாகக் கறுக்கலாம் என்று வைத்தால் மணி அடித்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் தாளைத் திருப்பினாலும் நேரம் போகும். வினாத்தாளில் ஒரு பக்கம் முடித்துவிட்டு அந்தப் பக்கத்து விடைகளைக் கறுப்பது சரியாக வருகிறது. பங்கீடு: உயிரியல் 45 நிமிஷம், வேதியியல் 50, இயற்பியல் 65, கறுக்க 20. வினாத்தாளில் இயற்பியல் முதலில் இருக்கும், அதற்காக அதில் தொடங்க வேண்டியதில்லை. உயிரியலிலிருந்து தொடங்கினால் மறக்காமல் கேள்வி எண்ணைப் பாருங்கள், 91-ல் ஆரம்பிக்கும். 91-க்கு உரியதை 1-ல் கறுத்துவிட்டால் இரண்டு பாடமும் போகும்.

வீட்டில் மாக் டெஸ்ட் எழுதும்போதும் ஓஎம்ஆர் நகல் எடுத்துத்தான் எழுத வேண்டும், ஞாயிறு மதியம் 2 முதல் 5. பயிற்சி நோட்டில் ஏ, பி, சி என்று எழுதிப் பார்த்தது நீட் பயிற்சி ஆகாது.

நுழைவாயில் 1.30-க்கு மூடிவிடும். அரைக்கை, செருப்பு. ஷூ கிடையாது. முழுக்கை அணிகிற வழக்கம் உள்ளவர்கள் சோதனைக்காகச் சீக்கிரம் வர வேண்டும். பேனா உள்ளே கொடுப்பார்கள்.

3 ஆகஸ்ட் 2025 | மாணவியின் அம்மா

மகள் சொல்கிறாள்: நீட் முதலில், ஜேஇஇ ஜனவரி மட்டும், ஏப்ரலை அப்போது பார்த்துக்கொள்ளலாம். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

3 ஆகஸ்ட் 2025 | கணக்கு வாத்தியார்

ஒன்றே ஒன்று. ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வு. உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கிலும் பாடத்துக்கு 15 கேள்வி, மொத்தம் 60, மூன்று மணி நேரம். கணிதம்–உயிரியல் குரூப்புக்கென்றே வைத்த மாதிரி இருக்கும். இந்த வருஷம் மே 25-ல் நடந்தது, நீட்டுக்கு மூன்று வாரம் கழித்து. தனியாகப் படிக்க ஒன்றும் இல்லை, கணிதத்தை மட்டும் மே முதல் வாரத்துக்குப் பிறகு திரும்பப் பார்க்க வேண்டும். அறிவியல் ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால் மட்டும் சேருங்கள்.

க்யூட் வேண்டும் என்றால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுவை, டெல்லி மூன்றில் எந்தப் படிப்பு என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பாடம் தேர்ந்தெடுங்கள். அதிகபட்சம் ஐந்து. பாடத்துக்கு 50 கேள்வி, 60 நிமிஷம். படிப்பைப் பார்க்காமல் ஐந்தையும் நிரப்பிவிட்டு, அந்தப் படிப்பு கேட்கிற பாடம் பட்டியலில் இல்லை என்று ஜூனில் தெரிந்தால் எவ்வளவு மார்க் எடுத்தும் பயனில்லை. மொழித்தாளுக்குத் தமிழே எடுக்கலாம்.

24 ஆகஸ்ட் 2025 | உயிரியல் டீச்சர்

அரையாண்டில் முழுப் பாடமும் வந்துவிடும், அதனால் ஜனவரிக்கு ப்ளஸ் டூ பாடம் பிரச்சினை இல்லை. விழுகிற இடம் ப்ளஸ் ஒன். நீட், ஜேஇஇ இரண்டிலும் ஏறக்குறைய பாதி அங்கிருந்து. இப்போதிலிருந்து டிசம்பர் வரை ஞாயிறு ஒரு நாளை ப்ளஸ் ஒன்னுக்கு மட்டும் ஒதுக்கட்டும். வாரம் உயிரியலில் இரண்டு பாடம், இயற்பியலில் ஒன்று, வேதியியலில் ஒன்று. இயற்பியலில் இயக்க விதிகள், வேலை–ஆற்றல், சுழற்சி இயக்கம் முதலில். இவை புரியாமல் ப்ளஸ் டூ மின்னியல் கணக்கும் நகராது. வேதியியலில் மோல் கருத்து, வேதிப்பிணைப்பு, கரிம வேதியியல் அடிப்படை. திருப்புதல் தேர்வு வாரத்தில் அந்த ஞாயிறை விட்டுவிடலாம். அதற்கடுத்த வாரம் இரண்டு மடங்காகச் சேர்க்க வேண்டாம், பட்டியலை ஒரு வாரம் தள்ளினால் போதும்.

21 செப்டம்பர் 2025 | இ-சேவை மையம் நடத்துபவர்

ஆதார் திருத்தம் முடிந்ததா அம்மா? ஜேஇஇ ஜனவரி அமர்வுக்குப் போன முறை அக்டோபர் 28 முதல் நவம்பர் 22 வரை விண்ணப்பம் வாங்கினார்கள். கடைசி மூன்று நாள் தளம் திணறும், பணம் போய் ரசீது வராது. முதல் வாரமே முடித்துவிடுங்கள். பணம் கட்டியதும் உறுதிப்படுத்தும் பக்கத்தைப் பதிவிறக்கி, மெயிலிலும் ஒரு பிரதி, பிரிண்ட் இரண்டு.

தேர்வு மையத்துக்கு நான்கு ஊர் கேட்பார்கள். முதலாவது உங்கள் மாவட்டம், இரண்டாவதும் மூன்றாவதும் விடியற்காலை பஸ்ஸில் ஏறி 7 மணிக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர், நான்காவது சொந்தக்காரர் வீடு இருக்கிற ஊர். ஊர் எது என்பது ஹால் டிக்கெட்டுக்கு முன்பே தனி அறிவிப்பாக வரும். அது வந்த அன்றே பஸ் நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.

22 செப்டம்பர் 2025 | மாணவியின் அம்மா

ஆதார் வந்துவிட்டது, சான்றில் உள்ளபடியே இருக்கிறது. நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் அடுத்த வாரம் படிப்புச் சான்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். மேல்நிலைப் பள்ளிச் சான்றை ப்ளஸ் டூ முடிந்ததும்தான் கொடுப்பார்களா?

22 செப்டம்பர் 2025 | உயிரியல் டீச்சர்

ஆமாம், 12 வரை படித்தது என்று எழுத வேண்டும் என்பதால் மேல்நிலைப் பள்ளிச் சான்று முடித்த பிறகுதான். நடுநிலைப் பள்ளிச் சான்றில் எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை, எந்தக் கல்வியாண்டு முதல் என்பது இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும்.